2கேயில் பிக் அண்ட் ரோலுக்கு எதிராக ஒரு சுவிட்ச் டிஃபென்ஸ்: அமைத்த விதம், ஒழுகிய இடங்கள்

என்பிஏ 2கே என்ற கூடைப்பந்து வீடியோ கேமில் எதிரே வருகிறவர்களில் பலர் நம்பி இருப்பது ஒரே ஒரு ஆட்டத்தைத்தான். எல்1-ஐ அழுத்திப் பிடிப்பார்கள். அவர்களின் சென்டர் (கூடைக்கு அருகில் ஆடும் உயரமான ஆள்) மேலே ஏறி வந்து ஸ்க்ரீன் வைப்பார், அதாவது உடம்பால் வழிமறித்து நிற்பார், பந்துக்காரரைக் காக்கும் நம் கார்டு (வெளியே ஆடும் சிறிய, வேகமான ஆள்) அதில் முட்டி நிற்பார். உதவிக்கு நம் சென்டர் வந்தால் ரோல் போகிறவருக்கு, அதாவது ஸ்க்ரீன் வைத்துவிட்டுக் கூடையை நோக்கி ஓடுகிறவருக்கு, லாப் (உயரத் தூக்கிப் போடும் பாஸ்), வராவிட்டால் லே-அப் (கூடையருகே போய்ப் போடும் எளிய ஷாட்). மூலையில் இருக்கும் டிஃபென்டர் உள்ளே இறங்கினால் மூலையிலிருந்து த்ரீ (மூன்று புள்ளி ஷாட்). இதுதான் பிக் அண்ட் ரோல். இதையே நான்கு குவார்ட்டரும் ஓட்டி ஜெயித்துவிட்டுப் போவார்கள்.

இதை அடக்க ஒரு நிலையான டிஃபென்ஸ் அமைத்ததன் பதிவு இது. எல்லா ஸ்க்ரீனுக்கும் சுவிட்ச், அதாவது காக்கும் இருவரும் ஆளை மாற்றிக்கொள்வது, என்று தொடங்கி, சென்டரை மட்டும் அதிலிருந்து விலக்கி வைத்த பிறகுதான் நின்றது. ஐந்து பேரையும் ஒருவரே ஆட்டும் மோடுக்கானது. ஒரே வீரரைப் பூட்டிக்கொண்டு ஆடும் பார்க் ஆட்டங்களுக்கு இதில் பாதி பொருந்தாது. பட்டன் பெயர்கள் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலருக்கானவை. மெனுவில் பெயர்களும் இடங்களும் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் நகரும், உள்ளே இருக்கும் சமாச்சாரம் பெரிதாக மாறுவதில்லை.

சோதனைக்கான ஏற்பாடு

ஒரு கன்சோல், இரண்டு கன்ட்ரோலர், ஒரு நோட்டு. செலவு என்றால் இரண்டாவது கன்ட்ரோலர்தான், அதையும் இரவல் வாங்கிக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் எதிராளி நமக்கு வேண்டிய ஸ்க்ரீனை வேண்டிய இடத்தில் போட்டுத் தராது என்பதால்தான் அது தேவைப்படுகிறது. பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, "வலது விங்கில் (கோர்ட்டின் வலது ஓரத்தில்) கூப்பிடு, நடுப்பக்கம் போ, ரோல் போகிறவனுக்குக் கொடு" என்று ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னால்தான் எந்த செட்டிங் என்ன செய்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

பிளே நவ் மோடில் குவார்ட்டர் 12 நிமிடம், கடினம் சூப்பர்ஸ்டார். ஆரம்பத்தில் களைப்பை அணைத்து வைத்துப் பார்ப்பது நல்லது. இல்லாவிட்டால் டிஃபென்டர் பின்தங்கியது செட்டிங்கினாலா, மூச்சு வாங்கியதாலா என்று தெரியாது. அமைப்பு நின்ற பிறகு களைப்பை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். அப்போது சில விஷயங்கள் தலைகீழாகும், அதைக் கீழே சொல்கிறேன்.

கேமரா முக்கியம். பிராட்காஸ்ட் கோணம் பக்கவாட்டில் காட்டுவதால், ஸ்க்ரீன் வைக்க வருகிறவர் நம் ஆளின் உடம்புக்குப் பின்னால் மறைந்துவிடுவார். 2கே என்ற பெயரிலேயே இருக்கும் கேமரா கோர்ட்டை நீளவாக்கில் காட்டும். அதில் ஜூமைக் குறைத்து, இரண்டு மூலைகளும் திரையில் தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். மூலை தெரியாவிட்டால் ஹெல்ப் எங்கிருந்து வருகிறது, யாரை விட்டுவிட்டு வருகிறது என்பது பந்து அங்கே போன பிறகுதான் தெரியும்.

நோட்டில் நான்கு பத்தி: ஸ்க்ரீன் எங்கே, யார் வைத்தது, நாம் என்ன செய்தோம், காலியாக நின்றது யார். கடைசிப் பத்தியில் புள்ளியை எழுத வேண்டாம். ஷாட் விழுவதும் விழாததும் போடுகிறவர் கை. ஆளைக் காலியாக விட்டதா இல்லையா என்பது மட்டும்தான் டிஃபென்ஸின் கணக்கு.

ஏஸை அணைக்காமல் எதுவும் நடக்காது

கோச் செட்டிங்ஸில் அடாப்டிவ் கோச்சிங் எஞ்சின், சுருக்கமாக ஏஸ், என்று ஒன்று இருக்கிறது. எதிரணி எப்படி ஆடுகிறது என்று பார்த்து நம் டிஃபென்ஸ் செட்டிங்கை அதுவே மாற்றும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாம் கவனமாகப் போட்ட சுவிட்ச் செட்டிங், ஆட்டம் போகப் போக வேறு ஏதாவதாக மாறி இருக்கும். "சுவிட்ச் போட்டேன், ஆனால் ஆட்கள் மாறவே இல்லை" என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. அணைத்துவிடுங்கள்.

அடுத்து கவனிக்க வேண்டியது: டிஃபென்ஸ் செட்டிங் அட்டவணையில் ஒவ்வொரு வரியும் எதிரணியின் ஒரு வீரருக்கு உரியது. நம் வீரருக்கு அல்ல. ஸ்டார்ட்டிங் ஐவருக்கு மட்டும் மாற்றி வைத்தால், அவர்களின் மாற்று பாயிண்ட் கார்டு உள்ளே வந்ததும் அவருக்கு எதிராகப் பழைய 'ஆட்டோ' ஓடும். உண்மையில் ஆடக்கூடிய எட்டு ஒன்பது பேருக்கும் போட வேண்டும். ஆன்லைனில் நிதானமாக மெனுவில் உட்கார நேரம் இருக்காது என்பதால், எந்தப் பத்தி முதலில், எது பிறகு என்ற வரிசை கைக்குப் பழகி இருக்க வேண்டும்: ஆன்-பால் ஸ்க்ரீன் (பந்து வைத்திருப்பவருக்கான ஸ்க்ரீன்), ஆன்-பால் ஸ்க்ரீன் சென்டர், ஹெட்ஜ் (ஸ்க்ரீன் வைப்பவரைக் காப்பவர் ஒரு கணம் பந்தின் முன் வெளியே வருவது), ஆஃப்-பால் ஸ்க்ரீன் (பந்தில்லாதவருக்கானது), ஸ்டே அட்டாச்டு (தன் ஆளை விட்டு விலகாமல் காப்பது). மற்றவை நேரம் இருந்தால்.

இரண்டு ஸ்க்ரீன் பத்திகள் ஏன் என்று முதலில் குழம்பும். ஸ்க்ரீன் வைப்பவர் சென்டர் என்றால் ஒன்று, மற்றவர்கள் என்றால் இன்னொன்று. இந்த அமைப்பு முழுவதும் நிற்பது இந்தப் பிரிவின் மேல்தான்.

எல்லாவற்றுக்கும் சுவிட்ச்: ஏன் சரிப்படவில்லை

முதல் வரைவு என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) அணியான ஹூஸ்டன் ராக்கெட்ஸைப் பார்த்துப் போட்டது. 2017-18 சீசனில் 65 ஆட்டம் ஜெயித்த அந்த அணி, கண்ணில் பட்ட ஸ்க்ரீனை எல்லாம் சுவிட்ச் செய்தது. ஆன்-பால், ஆன்-பால் சென்டர், ஆஃப்-பால் மூன்றுக்கும் சுவிட்ச். போட்டதும் ஒரு நல்லது உடனே தெரிந்தது: ஸ்க்ரீனை ஒட்டி வந்து அங்கேயே போடும் த்ரீ நின்றுபோனது. பந்து வைத்திருப்பவர் ஸ்க்ரீனைத் தாண்டினால் அங்கே ஏற்கெனவே ஒருவர் நிற்கிறார்.

கெட்டது மூன்று வழியாக வந்தது.

முதலாவது எல்லாருக்கும் தெரிந்தது. நம் பாயிண்ட் கார்டு எதிர் சென்டரோடு பெயின்ட்டில் (கூடைக்கு முன்னால் உள்ள பகுதியில்) மாட்டிக்கொள்வார். உள்ளே பந்தைக் கொடுத்து முதுகால் தள்ளிக்கொண்டு போய்ப் போட்டுவிடுவார்கள். இன்னொரு பக்கம் நம் சென்டர் வெளியே ஒரு வேகமான கார்டுக்கு எதிரே தனியாக நிற்பார். அங்கே கதை முடிந்தது.

இரண்டாவது ஸ்லிப். ஸ்க்ரீன் வைக்க வருவதுபோல் வந்து, தொடுவதற்கு முன்பே சென்டர் ரிம்மை (கூடை வளையத்தை) நோக்கி ஓடிவிடுவார். ஏஐ டிஃபென்டர்கள் (கம்ப்யூட்டர் ஆட்டும் நம் ஆட்கள்) இருவரும் மாறிக்கொள்ளும் நடுவழியில் இருப்பதால் அவருக்குப் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். சுவிட்சை மோப்பம் பிடித்த எதிராளி அடுத்த பத்து ஆட்டமும் இதையேதான் செய்வார்.

மூன்றாவதுதான் கண்டுபிடிக்கக் கஷ்டமானது. இதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பந்து வைத்திருப்பவரை நாம் ஆட்டும் வீரர் காக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரீன் நம் தோளில் படுகிறது. அந்தக் கணத்தில் ஏஐ, "சுவிட்ச்" என்று முடிவெடுத்து நம் சென்டரைப் பந்தின் முன்னால் அனுப்பிவிடுகிறது. ஆனால் நம் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் இன்னும் பந்தைத்தான் துரத்துகிறது. அரை நொடிக்கு இரண்டு பேர் பந்தின் முன்னால் நிற்கிறார்கள். ரோல் போனவரை யாரும் பார்க்கவில்லை. திரையில் இது டபுள் டீம் போலத் தெரியும், நல்ல டிஃபென்ஸ் ஆடுவதுபோல்கூடத் தோன்றும். ரீப்ளேயில் மெதுவாக ஓட்டினால்தான் ஏஐ தன் வேலையைச் சரியாகச் செய்தது, மாறாதது மனித வீரர் மட்டும் என்பது தெரியும்.

நோட்டின் கடைசிப் பத்தியில் மீண்டும் மீண்டும் வந்தது ஒரே பதில்: ரோல் போன சென்டர்.

சென்டரை விலக்குவது

2021 என்பிஏ ஃபைனல்ஸின் முதல் ஆட்டத்தில் மில்வாக்கி பக்ஸ் தங்கள் பெரிய ஆட்களையும் சுவிட்சில் விட்டது. ஃபீனிக்ஸின் க்றிஸ் பால் அவர்களைத் தேடித் தேடிப் பிடித்து 32 புள்ளி எடுத்தார். பிறகு மில்வாக்கி தன் சென்டர் ப்ரூக் லோபஸைத் தனக்குப் பழகிய இடத்துக்கு, அதாவது பின்னால் தங்கிக் காக்கும் டிராப்புக்கு, திருப்பிக்கொண்டு வந்தது, கோப்பையும் கிடைத்தது. 7 அடி ஆளை 6 அடி ஆளுக்கு எதிராக வெளியே இழுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதில் விளையாட்டும் நிஜமும் ஒன்றுதான்.

எனவே இரண்டாவது வரைவு: ஆன்-பால் ஸ்க்ரீன் பத்தியில் சுவிட்ச், ஆன்-பால் ஸ்க்ரீன் சென்டர் பத்தியில் 'கோ ஓவர்'. ஒன்றிலிருந்து நான்கு வரை உள்ளவர்கள் (சென்டர் தவிர மற்ற நால்வர்) தங்களுக்குள் மாறிக்கொள்வார்கள். சென்டர் வைக்கும் ஸ்க்ரீனில் மட்டும் கார்டு மேல்வழியாகத் துரத்துவார், சென்டர் பின்வாங்குவார். சென்டருக்கு ஹெட்ஜ் சாஃப்டாகவே இருக்கட்டும். ஹார்டு என்று போட்டால் அவர் வெளியே பாய்வார், திரும்பி வர நேரம் ஆகும். நாம் மூட நினைத்த அதே ஓட்டை.

'கோ அண்டர்' (ஸ்க்ரீனுக்குப் பின்னால், கூடைப் பக்கமாகச் சுற்றிப் போவது) எப்போது? த்ரீ போடத் தெரியாத அல்லது போட விருப்பம் இல்லாத பந்துக்காரருக்கு மட்டும். யானிஸ் பந்தைக் கொண்டு வந்தால் தாராளமாகக் கீழ்வழியாகப் போகலாம், அவர் வெளியிலிருந்து போட்டால் நமக்குச் சந்தோஷம். த்ரீக்குப் பேர்போன ஸ்டெஃபன் கரிக்கு அண்டர் போடுவது தற்கொலை. எதிரணி வரிசையில் ஒவ்வொருவரின் த்ரீ மதிப்பெண்ணையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அண்டர் போட வேண்டிய ஒருவரையோ இருவரையோ மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

நான்காம் நம்பர் ஆளையும் சுவிட்சில் விடலாமா என்பது நம் அணியைப் பொறுத்தது. பார்க்க வேண்டியது உயரம் அல்ல, பக்கவாட்டு வேகம். பழைய பதிப்புகளில் லேட்டரல் குயிக்னஸ் என்றும் புதியவற்றில் அஜிலிட்டி என்றும் இருக்கும். அது 75-க்குக் கீழே இருந்தால் அவரையும் சென்டர் போலவே நடத்துவது நல்லது. இது கைக்கணக்குதான், விதி அல்ல. கார்டு பக்கம் பார்க்க வேண்டியது பிக் டாட்ஜர் என்ற பேட்ஜ் (ஸ்க்ரீனைத் தாண்டும் திறன்). அது இல்லாத கார்டு நல்ல பிரிக் வால் (ஸ்க்ரீனில் உறுதியாக நிற்கும் திறன்) பேட்ஜ் உள்ள சென்டரின் மேல் மோதினால் செட்டிங்கில் என்ன போட்டும் பிரயோஜனம் இல்லை, கீழே விழாத குறையாக நின்றுவிடுவார்.

யாரை ஆட்டுவது

உண்மையில் வித்தியாசத்தைக் கொண்டுவந்தது செட்டிங்கை விட இதுதான். பந்து வைத்திருப்பவரைக் காக்கும் கார்டை ஏஐயிடம் விட்டுவிட்டு, ஸ்க்ரீன் வைக்க வருகிறவரைக் காக்கும் ஆளை நாம் ஆட்ட வேண்டும். பெரும்பாலும் சென்டர்.

எதிராளி எல்1 அழுத்தியதும் அவருடைய சென்டர் தன் இடத்தைவிட்டு மேலே நகரத் தொடங்குவார். அந்த நகர்வுதான் நமக்கு மணி. உடனே ஆர்1-ஐத் தட்டி, நம் சென்டரின் தலைக்கு மேல் தெரியும் பட்டனை அழுத்தி அவரிடம் மாறிக்கொள்ள வேண்டும். எக்ஸ் பட்டனைப் பயன்படுத்த வேண்டாம். அது பந்துக்கு அருகில் இருப்பவரைத்தான் கொடுக்கும், நெரிசலில் யாரைக் கொடுக்கும் என்று சொல்லவே முடியாது.

சென்டரைப் பிடித்ததும் நிற்க வேண்டிய இடம்: ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு ஓர் அடி உள்ளே, பந்துக்கும் ரிம்முக்கும் நடுவில், ஆனால் ரோல் போகிறவர் பக்கம் அரை அடி சாய்ந்து. எல்2 பிடித்து, முகம் பந்தைப் பார்த்து, பின்னோக்கி நகர வேண்டும். ஆர்2-வைத் தொடவே கூடாது. ஓடத் தொடங்கினால் திரும்ப ஓர் அனிமேஷன் முடியும்வரை காத்திருக்க வேண்டி வரும், அதற்குள் லாப் விழுந்துவிடும். பந்துக்காரர் தயங்கினால் ஒரு சிறு அடி முன்னே வைத்துப் பின்வாங்கலாம். அவர் நின்று யோசிக்கும் ஒவ்வொரு நொடியும் பின்னால் துரத்தி வரும் கார்டுக்கு லாபம்.

வலது ஸ்டிக்கை மேலே தள்ளிக் கையை உயர்த்தி வைப்பது லாபுக்கு எதிராக எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்கிறது. முக்கோணத்தை அழுத்திக் குதிப்பதைக் கடைசிவரை தள்ளிப்போட வேண்டும். பம்ப் ஃபேக்குக்குக் (ஷாட் போடுவதுபோல் ஏமாற்றுவதற்கு) குதித்தால் ஃபவுல், சென்டருக்கு மூன்றாவது ஃபவுல் முதல் பாதியிலேயே விழுந்தால் இத்தனை ஏற்பாடும் பெஞ்சில் உட்கார்ந்துவிடும்.

பந்தில்லாத ஆளை ஆட்டுவதைக் கோழைத்தனம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எல்1-ஐ விடாமல் பிடித்திருப்பவர் அதைச் சொல்லும்போது பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

கார்டையே ஆட்ட நேர்ந்தால்

நேரம் கிடைக்காமல் கார்டிலேயே மாட்டிக்கொண்டால், ஸ்க்ரீன் நிலைகொள்ளும் முன்பே நகரத் தொடங்குவதுதான் ஒரே வழி. ஸ்க்ரீன் வைப்பவரின் கால் ஊன்றிய பிறகு அவர் உடம்பில் பட்டால், மோதும் அனிமேஷன் தொடங்கிவிடும். அதன்பின் ஸ்டிக்கை எப்படித் திருப்பினாலும் கேட்காது. பந்துக்காரரின் இடுப்போடு ஒட்டிக்கொண்டு, ஸ்க்ரீன் இருக்கும் பக்கம் அரை அடி முன்கூட்டியே நகர்ந்தால், அவர் ஸ்க்ரீனைப் பயன்படுத்த முடியாமல் எதிர்ப்பக்கம் போவார். பக்கவாட்டு ஸ்க்ரீனில் இதைத்தான் ஐஸ் என்கிறார்கள்: நடுப்பக்கத்தை அடைத்து, பேஸ்லைன் (கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடு) பக்கமாகத் தள்ளி, அங்கே காத்திருக்கும் சென்டரிடம் ஒப்படைப்பது. விங்கில் ஸ்க்ரீன் கூப்பிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு எதிராக இது அருமையாக ஓடுகிறது. கோர்ட்டின் நடுவில் வைக்கும் ஸ்க்ரீனுக்கு ஐஸ் கிடையாது, தள்ளுவதற்குப் பக்கம் இல்லை.

எதிராளி ஸ்க்ரீனைத் திருப்பி வைக்கத் தொடங்கினால், அதாவது நாம் முன்கூட்டி நகர்வதைப் பார்த்துவிட்டு மறுபக்கத்துக்கு மாற்றினால், இந்த உத்தி நமக்கே பகையாகும். அப்போது நடுவில் நின்று முட்டியே தீர வேண்டும்.

பந்தில்லாத பக்கம்

ஆஃப்-பால் ஸ்க்ரீனுக்கும் சுவிட்ச் போட்டால், ஷூட்டர்கள் ஸ்க்ரீனைச் சுற்றி வெளியே வந்து த்ரீ போடுவது நிற்கிறது. பதிலுக்கு, சுவிட்சை எதிர்பார்த்து ஷூட்டர் வெளியே வராமல் திரும்பி ரிம்முக்கு வெட்டிப் போகிறார். கடைசியில் வைத்தது: ஒரே உயரத்துக் கார்டுகளும் விங்குகளும் (ஓரங்களில் ஆடும் ஆட்களும்) மாறிக்கொள்வார்கள், எதிரணியின் சிறந்த ஷூட்டர் ஒருவருக்கு மட்டும் சுவிட்ச் இல்லை, அவரைத் துரத்தியே போக வேண்டும். அவருக்கு ஸ்டே அட்டாச்டு ஆன். அவரைக் காக்கும் ஆள் ஹெல்புக்கு வரமாட்டார் என்பதால் லே-அப்புக்கு வழி கொஞ்சம் திறக்கும். மூன்று புள்ளியா, இரண்டு புள்ளியா என்றால் இரண்டைக் கொடுப்பதுதான் கட்டுப்படியாகும்.

ப்ரீ-ரோட்டேட்டை அணைத்து வைப்பது நல்லது. அது இருந்தால் பந்து நகர்வதற்கு முன்பே மூலை டிஃபென்டர் பெயின்ட்டுக்குள் வந்துவிடுகிறார். மூலையில் த்ரீ கோடு 22 அடி, நடுவில் 23 அடி 9 அங்குலம். கிட்டத்தில் இருக்கும் அந்த ஷாட்டைச் சும்மா கொடுக்க வேண்டியதில்லை.

பலவீனமான ஆளைத் தேடி வரும்போது

சென்டரை விலக்கிய பிறகு, விவரமான எதிராளி செய்வது ஒன்றுதான்: நம் ஐந்து பேரில் டிஃபென்ஸ் சுமாரான கார்டு யாரைக் காக்கிறாரோ, அந்த ஆளையே ஸ்க்ரீனுக்குக் கூப்பிடுவார். 1-4 சுவிட்ச் அந்தச் சுமாரான கார்டைத் தட்டில் வைத்து அவருடைய நட்சத்திரத்திடம் கொடுத்துவிடும்.

நிஜத்தில் இதற்கு ஒரே மாலையில் இரண்டு பக்கமும் உதாரணம் இருக்கிறது. 2016 ஜூன் 19, என்பிஏ ஃபைனல்ஸ் ஏழாவது ஆட்டம், கிளீவ்லாண்டும் கோல்டன் ஸ்டேட்டும் 89-89. கிளீவ்லாண்டின் ஜே.ஆர். ஸ்மித் வைத்த ஸ்க்ரீனில் கோல்டன் ஸ்டேட்டின் கிளே தாம்சன் விலக, பந்து வைத்திருந்த கைரி இர்விங்கின் முன்னால் வந்து நின்றது ஸ்டெஃபன் கரி. கிளீவ்லாண்ட் தேடியதும் அவரைத்தான். இர்விங் 53 நொடி மிச்சம் இருக்கையில் த்ரீ போட்டார். அடுத்த பந்தில் கோல்டன் ஸ்டேட் அதே வழியில் கெவின் லவ்வைக் கரியின் முன் கொண்டுவந்தது. லவ் குதிக்கவில்லை, திருடப் பாயவில்லை, காலை நகர்த்திக்கொண்டே முன்னால் நின்றார். கரியின் த்ரீ விழவில்லை. 2கேயில் மிஸ்மேட்ச்சில் (பொருந்தாத ஜோடியில்) மாட்டிய பெரிய ஆளை ஆட்டுவதற்கு அந்தக் காட்சியைவிட நல்ல பாடம் இல்லை: எல்2, ஒரு கை தூரம், சதுர பட்டனைத் தொடாத கை.

சுமாரான கார்டுக்கான பரிகாரம்: மேட்ச்-அப்பில் (யார் யாரைக் காப்பது என்ற பட்டியலில்) அவரை எதிரணியின் அதிகம் நகராத மூலை ஷூட்டருக்கு மாற்றுவது. அப்படியும் அந்த ஷூட்டரை ஸ்க்ரீனுக்கு இழுத்தால், பந்துக்காரரின் வரியில் சுவிட்சை எடுத்துவிட்டு ஓவரும் ஹெட்ஜும் போடுவது. கார்டு ஒரு கணம் முகம் காட்டிவிட்டுத் தன் ஆளிடம் திரும்பிவிடுவார். ஒரு நொடி த்ரீ திறக்கும் என்பது உண்மை, ஆனால் நிரந்தர மிஸ்மேட்ச் உருவாகாது.

சிறியவர் போஸ்டில் (கூடையருகே) பெரியவரிடம் மாட்டிவிட்டால் ஸ்க்ராம் என்ற பழைய வைத்தியம். பந்து உள்ளே வருவதற்கு முன், எதிர்ப்பக்க விங்கை ஆர்1 மூலம் பிடித்து பெயின்ட்டுக்கு ஓட்டி, அந்தப் பெரியவரின் முன்னால் நிறுத்துவது. சிறியவர் வெளியே காலியான ஆளிடம் போக வேண்டும். இங்கே ஏஐயை முழுதாக நம்ப முடியாது: சில சமயம் சிறியவர் உடனே வெளியே ஓடுகிறார், சில சமயம் இரண்டு பேரும் பெரியவரையே கட்டிப்பிடித்து நிற்கிறார்கள். பந்து எதிர்ப்பக்கத்தில் இருக்கும்போது செய்தால் பெரும்பாலும் சரியாகிறது. பந்து உள்ளே வந்த பிறகு செய்தால் பெரும்பாலும் மூலையில் த்ரீ. தாமதமாகிவிட்டால் ஸ்க்ராமை மறந்துவிட்டு எல்1 அழுத்தி டபுள் (காக்க இரண்டாவது ஆள்) அனுப்புவதே மேல், அதுவும் பந்து தரையில் தட்டப்பட்ட பிறகு.

ஷாட் கிளாக்கும் மற்ற சில்லறைகளும்

ஷாட் கிளாக் (ஷாட் போட மிச்சம் இருக்கும் நேரம்) 7 நொடிக்குக் கீழே வந்ததும் விதி மாறுகிறது: சென்டரும் சுவிட்ச். மிஸ்மேட்ச் உருவானாலும் அதைப் பயன்படுத்த அவர்களுக்கு நேரம் இருக்காது. மெனுவுக்குப் போக முடியாது, கையாலேயே செய்ய வேண்டும். சென்டரைப் பிடித்துக்கொண்டு நேராகப் பந்தின் முன்னால் ஏறி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

த்ரீ போடும் சென்டருக்கு டிராப் உதவாது. ஸ்க்ரீன் வைத்துவிட்டு ரிம்முக்குப் போகாமல் வெளியே விலகி நிற்பார், நாம் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு உள்ளே நின்று வேடிக்கை பார்ப்போம். கார்ல்-ஆந்தனி டவுன்ஸ் போன்ற ஆட்களுக்கு எதிராக நம் பக்கம் சிறிய, வேகமான சென்டரை இறக்கி அந்த ஒருவரோடு மட்டும் முழு சுவிட்ச். ஹூஸ்டன் 2020-ல் தன் சென்டர் கிளின்ட் கபேலாவை அனுப்பிவிட்டு 6 அடி 5 அங்குல பி.ஜே. டக்கரை சென்டராக நிறுத்தியது இதே கணக்கில்தான். ரீபவுண்டில் அடி வாங்குவோம், தெரிந்தே.

ஸ்பெயின் பிக் என்று ஒன்று: பிக் அண்ட் ரோல் ஓடும்போதே மூன்றாவது ஆள் நம் சென்டரின் முதுகில் ஸ்க்ரீன் வைப்பது. டிராப்பில் பின்வாங்கும் சென்டர் பின்னால் பார்க்காமல் போய் அதில் முட்டுவார். மூன்றாவது ஆளைக் காக்கும் கார்டு ரோல் போகிறவரை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏஐ இதைத் தானாகச் செய்து நான் பார்த்ததில்லை. கைமாற்றிச் செய்ய முயன்றால் பத்தில் பாதிதான் சரியாக வருகிறது. இன்னும் அடைக்காத ஓட்டை இது.

விலை என்ன

இந்த அமைப்பு கேட்கும் விலை நடுத்தூர ஷாட். ஸ்க்ரீனைத் தாண்டி, ஃப்ரீ த்ரோ கோட்டருகே நின்று போடும் இரண்டு புள்ளி எப்போதும் திறந்திருக்கும். பின்னால் துரத்தி வரும் கார்டின் கை மட்டும்தான் அதற்குத் தடை. எதிராளியிடம் அந்த ஷாட்டில் தேர்ந்த கார்டு இருந்தால் வலிக்கும். அப்போது டிராப்பை இரண்டு அடி மேலே நகர்த்தலாம். லாபுக்கு அத்தனை இடம் கூடும்.

இன்னொரு விலை மூச்சு. களைப்பைத் திரும்ப ஆன் செய்ததும் தெரிந்தது, ஓவர் போட்டுத் துரத்தும் கார்டு மூன்றாவது குவார்ட்டரில் கால் தளர்ந்துவிடுகிறார். ஸ்டாமினா பட்டை பாதியைத் தொட்டதும் மாற்று கார்டை இறக்காவிட்டால், நல்ல செட்டிங்கும் அண்டர் போட்டதுபோலவே ஆடும். நாம் ஆட்டும் சென்டரும் எல்2-வையே பிடித்துக்கொண்டு இருப்பதால் அவரும் வேகமாகக் களைக்கிறார். பந்து நம் பக்கம் வராத நேரத்தில் எல்2-வை விட்டுவிடும் பழக்கம் வேண்டும்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

அணியைத் தேர்ந்தெடுக்கும்போதே இரண்டு மாற்று கார்டுகளில் ஒருவருக்காவது பிக் டாட்ஜர் இருக்கிறதா என்று பார்ப்பது. இந்த முறை ஷூட்டிங் மட்டும் பார்த்துப் பெஞ்சை நிரப்பியதால், இரண்டாவது குவார்ட்டரின் நடுப்பகுதி எப்போதும் ஒழுகியது.

களைப்பைக் கடைசியில் ஆன் செய்யாமல், 1-4 சுவிட்ச் நின்றதுமே ஆன் செய்வது. பல முடிவுகளை அதன்பிறகு திரும்ப எடுக்க வேண்டியிருந்தது.

நோட்டில் ஐந்தாவது பத்தி ஒன்று: சென்டரிடம் மாறும்போது பந்துக்காரர் எங்கே இருந்தார். பிந்தி மாறினால் என்ன ஆகிறது என்பது எழுதி வைக்காவிட்டால் தெரியாமலே போகிறது. ஸ்க்ரீன் வைக்கப்பட்ட பிறகு மாறியவை எல்லாம், செட்டிங் என்னவாக இருந்தாலும், ரோல் போனவரிடம்தான் போய் முடிந்தன.

ஸ்பெயின் பிக்கைத் தனியாக எடுத்து இரண்டாவது கன்ட்ரோலரோடு ஒரு மாலை முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்றாவது ஆளைக் காக்கும் கார்டையே முதலிலிருந்து ஆட்டி, சென்டரை ஏஐயிடம் விட்டுப் பார்ப்பது முதல் சோதனை. அது சரிவரவில்லை என்றால், அந்த ஆட்டத்தைக் கூப்பிடும் எதிராளிக்கு எதிராக மட்டும் சென்டருக்கும் சுவிட்ச்.